செருப்பைப் பார்த்துப் பூட்டிய கேட்

1. செருப்புக் கணக்கு

எனக்குச் சத்தமாகப் பேச வராது. இருபது வருஷம் ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஒரு டேனரியில், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் ஓட்டினேன். டிரம் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. அது எனக்கு வசதியாக இருந்தது. கைத்தோல் வெடித்து அந்த வேலையை விட்டபின், பாலாற்றங்கரை நடைபாதைக்குக் காவலாளாகச் சேர்ந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பாதை இரண்டு கிலோமீட்டர். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் மூடிக்கிடக்கும் டேனரியின் உயரமான மதில். நடக்க ஒரு தடம், சைக்கிளுக்கு ஒரு தடம். இரண்டு முனையிலும் இரும்புக் கேட். நான் ஒரு கேட்டில் இருப்பேன்; மறுமுனையில் உள்ள தூர கேட்டைக் காலை ஒன்பதுக்கே பூட்டிவிடுவேன். நடுவில் ஓடை வந்து சேரும் இடம் பள்ளம். ஆற்றில் தண்ணீர் ஏறினால் அதுதான் முதலில் மூழ்கும்.

நடக்க வருகிறவர்கள் கேட்டருகே செருப்பைக் கழற்றிவிட்டு, கூழாங்கல் பதித்த எட்டு வடிவத் தடத்தில் நடந்து, அப்படியே வெறுங்காலோடு பாதையில் போவார்கள். எந்தச் செருப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும். தோலில் கிடந்தவனுக்கு அது கஷ்டமில்லை. செருப்பு இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார்; இல்லையென்றால் இல்லை. யாரையும் கூப்பிட்டுக் கேட்காமலே பூட்டிவிடலாம்.

2. டயர் தடம்

அன்று வெள்ளிக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். எங்களை மேற்பார்க்கும் மேஸ்திரி போன் செய்தார்.

"மேல செக்டேம் ரொம்பி தண்ணி வருதுப்பா. ஆளுங்கள அனுப்பிட்டு பூட்டு. சீக்கிரம்!"

வானத்தைப் பார்த்தேன். தூறல்கூட இல்லை. செருப்பு வைக்கும் இடத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பூட்டினேன்.

"யாரும் இல்ல சார்."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன் சார்."

போனை வைத்துவிட்டுக் குனிந்தேன். கேட்டுக்கு அடியில், முந்தின நாள் மழைச் சேற்றில், சைக்கிள் டயர் தடம் ஒன்று புதிதாக உள்ளே போயிருந்தது. வெளியே வந்த தடம் இல்லை.

சைக்கிள்காரர்கள் செருப்பைக் கழற்றுவதில்லை. அவர்கள் காலையில் வந்து காலையிலேயே போய்விடுவதால் என் கணக்கில் வந்ததே இல்லை. மதியத்தில் வருகிற சைக்கிள் ஒன்றே ஒன்றுதான். ஷூ ஃபேக்டரியில் தையல் வேலை பார்க்கும் மேரியுடையது. நாற்பது வயதில் சைக்கிள் பழகுகிறார். "யாருகிட்டயும் சொல்லாதண்ணே, பசங்க சிரிக்கும்" என்று கேட்டுக்கொண்டு, ஆளில்லாத ஞாயிறு மதியங்களில் மட்டும் வருவார். அன்று ஞாயிறு இல்லை; ஆனாலும் நான் சாப்பிடப் போன நேரத்தில் உள்ளே போயிருக்கிறார்.

கேட்டைத் திறந்து ஓடினேன். பள்ளத்தில் கலங்கல் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம், வெகு தூரத்தில், மேரி விழுவதும் எழுவதுமாக இருந்தார். அவருக்குப் பின்னால் பூட்டிய தூர கேட். சாவி என் இடுப்பில்.

கத்த வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்றேன். வரவில்லை. தண்ணீரில் இறங்கினேன். முட்டிக்கு வந்தது, பிறகு தொடைக்கு. கால் வழுக்கி ஆற்றுப் பக்கம் இழுத்தது. மதிலோரமாக ஓடும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக் கரையேறினேன்.

மேரி என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாண்ணே, நான் வுழுந்தத பாத்துட்டியா? கரண்ட் இல்லன்னு அரை நாள்ல வுட்டுட்டாங்க, அதான் வந்தேன்."

நான் பின்னால் கை காட்டினேன். அவர் சிரிப்பு நின்றது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தூர கேட்டுக்கு ஓடினோம். சாவி துவாரத்தில் நுழையவில்லை. அவசரத்தில் தலைகீழாகச் செருகிக்கொண்டிருந்தேன். மேரி பிடுங்கித் திறந்தார். ரோட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது பள்ளம் தெரியவில்லை, கம்பியும் தெரியவில்லை.

"கூப்புட்டிருந்தா நானே ஓடியாந்திருப்பேனே, இன்னாத்துக்குண்ணே தண்ணில எறங்குன?" என்றார். நான் தூர கேட்டைத் திரும்பப் பூட்டினேன்.

3. இப்போது

மேஸ்திரியிடம் பொய்யான பதில் சொன்னதை மறுநாள் ஒப்புக்கொண்டேன். திட்டினார். வேலையை விட்டு எடுக்கவில்லை.

செருப்பு இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார்; இல்லையென்றால் ஆளே இல்லை என்று ஆகாது. இப்போது பூட்டுவதற்கு முன் பாதை முழுக்க நடக்கிறேன். பள்ளத்தருகே நின்று, "யாராவது உள்ள கீறீங்களா?" என்று கத்துகிறேன். முதலில் குரல் உடைந்தது. இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. நடக்க வருகிறவர்கள் சிரிக்கிறார்கள்.

மேரியும் சிரிக்கிறார். ஆனால் எங்கே இருந்தாலும், "கீறேண்ணே!" என்று பதில் குரல் கொடுக்காமல் இருப்பதில்லை.