பத்து வெள்ளிக்குப் பத்து ரூபாய்

போன வாரம் பினாங்கு சூலியா தெருவில், பணம் மாற்றும் கடை ஒன்றில் நின்றேன். ஊருக்குக் கப்பலேறும் உறவுக்காரர் ஒருவருக்கு இந்திய ரூபாய் வாங்க வேண்டியிருந்தது. கடைக்காரர் பல்லைக் குத்திக்கொண்டே, “ரேட்டு எறங்கிருச்சு சார், நாம என்னலா செய்ய முடியும்?” என்றார். மழை வரும்போல இருக்கிறது என்பதைப்போல அவ்வளவு சாவகாசமாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். வித்தியாசம் என்னவோ சில காசுதான். அதற்கா இந்த வயதில் இப்படிக் கத்தினாய் என்று கேட்பீர்கள். பக்கத்துச் சந்திலிருந்து சூடான ரொட்டி வாசனை வேறு வந்துகொண்டிருந்தது. அதுதான் வினை. அந்த வாசனை வந்தால் மீரான் நானா ஞாபகம் வரும். அவர் ஞாபகம் வந்தால் யார்மேலாவது எரிந்து விழாமல் என்னால் இருக்க முடியாது.

நானா நாகூர்க்காரர். தலையில் ரொட்டிக் கூடையோடு ஆயர் ஈத்தாம் வரை நடந்தே போய் விற்றுவிட்டு வருவார். நான் அப்போது ஒரு சின்னத் தபாலாபீசில் மணியார்டர் எழுதும் கிராணி, ஊர்ப்பக்கம் குமாஸ்தா என்பார்களே, அதுதான். வேலை கிடைத்துச் சில மாதம்தான் ஆகியிருந்தது. கோட்டு, தொப்பி, காதில் செருகிய பேனா. கவர்னருக்கு அடுத்தபடி நான்தான் என்று நினைப்பு. மாதம் பிறந்தால் நானா வந்து பத்து வெள்ளியை, அதாவது இந்த ஊர் டாலரை, ஜன்னலுக்குள் தள்ளுவார். நாகூரில் அவர் மனைவி பாத்துமா கையில் அது பதினேழரை ரூபாயாகப் போய்ச் சேரும். நினைவு தெரிந்த நாளாக, நம் வெள்ளி ஒன்றுக்கு ஒன்றேமுக்கால் ரூபாய். சூரியன் கிழக்கே உதிப்பதுபோல அதையும் நம்பிக்கொண்டிருந்தோம்.

பெரிய சண்டை, அந்த முதல் உலகச் சண்டை, முடிந்த கையோடு வந்தது கேடு. ரூபாயின் மதிப்பு விறுவிறுவென்று ஏறியது. நம் வெள்ளி இருந்த இடத்திலேயே நின்றது. கடைசியில் பத்து வெள்ளிக்குப் பத்து ரூபாய்தான் என்றாகிவிட்டது. யாரைக் கேட்டு மாற்றினார்கள்? சீமையில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு யாரோ கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் ஆபீசில் நோட்டீஸ் ஒட்டினார்கள், இங்கிலீஷில்! ரொட்டிக்காரரும் சம்பான் படகுக்காரரும் நின்று படித்துவிட்டுப் போவார்களாம். நானாவிடம் நான் வாயால் சொன்னேன். “என்னா தம்பி வெளாடுறியா? பத்து வெள்ளி பத்து வெள்ளிதானே?” என்று சிரித்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் மாதம் பாத்துமாவிடமிருந்து கடிதம் வந்தது. நானாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. சாப்பாட்டு வேளையில் நான்தான் படித்துக் காட்டினேன். “மிச்சம் ஏழரை ரூவா எந்த வூட்டுக்குப் போவுது? பினாங்குல ஒருத்திய வச்சிருக்கீங்கன்னு ஊரே பேசுது. மவ கல்யாணத்துக்கு நீங்க வர வேணாம்.” “இன்னொரு தடவ படி தம்பி” என்றார் நானா. ஒரே மகள். அவள் கல்யாணத்துக்காகத்தான் அந்த மனிதர் வெயிலில் நடந்துகொண்டிருந்தார்.

நாலு பக்கத்துக்கு விளக்கம் எழுதினேன். என் மேதாவித்தனத்தை எல்லாம் கொட்டினேன். பதில் வந்தது: “கதை நல்லாயிருக்கு. சீமையில எவனோ வெலய மாத்துனா எங்க வூட்டு அரிசிப்பானை எதுக்குக் கொறையுது?” அதுவும் நியாயமான கேள்விதானே! சர்க்கார் முத்திரை இருந்தால் நம்புவாள் என்றார் நானா. பெரிய கிராணியிடம் போய்க் கெஞ்சினேன். “ரொட்டிக்காரன் புருசன் பொஞ்சாதி சண்டைக்கு சர்க்கார் சீலா? போய் வேலையப் பாருய்யா” என்றார். கடுதாசி வரும் வழியில் எத்தனை முத்திரை குத்துகிறார்கள்! ஒரு மனிதனின் மானத்துக்கு ஒன்று குத்தினால் மை தீர்ந்துவிடுமா? அன்று அவர் மேஜையைக் கவிழ்த்திருக்க வேண்டும். “எஸ் சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் அவ்வளவுதான்.

ஒரு வருஷம் போலப் போனது. ஏறின ரூபாய் ஏறின வேகத்திலேயே விழுந்தது. அதே பத்து வெள்ளி மறுபடியும் பதினேழரை ரூபாயாக நாகூர் போய்ச் சேர்ந்தது. உடனே பாத்துமா எழுதினாள்: “அவள விட்டுட்டீங்கன்னு தெரிஞ்சிக்கிட்டேன். அல்லா ஒங்களுக்கு நல்ல புத்தியக் குடுத்தான். செஞ்சது தப்புன்னு ஒரு வரி எழுதிப் போட்டுட்டு கல்யாணத்துக்கு வாங்க.”

படித்து முடித்துவிட்டு நான் குதித்தேன். “அநியாயம் நானா! எழுதக் கூடாது!”

நானா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இல்லேன்னு ஒரு வருசமா எழுதுனோம், நம்பல. ஆமான்னு எழுது தம்பி. நான் மவ நிக்காஹ்வுக்குப் போவணும்.”

எழுதினேன். அவர் கை நாட்டு வைத்தார். அடுத்த கப்பலில் போனார். பிறகு திரும்பி வரவில்லை.

அந்தத் தபாலாபீஸ் இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் கடை. ஆயர் ஈத்தாமுக்குக் கூடை சுமந்து நடப்பவர் யாரும் இல்லை. நானாவும் பாத்துமாவும் காலமாகிவிட்டார்கள் என்று நாகூரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். நல்ல மனிதர் என்று நான் ஆரம்பித்ததும் அவர் சிரித்தார். “யாரு, பினாங்குல ஒருத்திய வச்சிருந்து விட்டுட்டு வந்தாரே, அந்த மீரானா?”

பொய், பச்சைப் பொய் என்று கத்தினேன்.

“பொய்யா? அவரே எழுதிக் குடுத்த கடுதாசி இருக்கே! மவ வூட்டுல இன்னும் பத்திரமா வச்சிருக்கா” என்றார்.