பனிக்குடம் உடைந்த நேரம்

என் முதல் பிள்ளை இரண்டாம் நாளே போய்விட்டது. பிறந்தபோது நன்றாக அழுதது. மறுநாள் உடம்பு கொதித்தது, பாலைச் சப்பவில்லை, முனகிக்கொண்டே கிடந்தது. வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டதால்தான் அப்படி ஆயிற்று என்று என் மாமியார் நம்பினார்கள்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது டாக்டரம்மா பஞ்சால் தொட்டு எடுத்துத் திருநெல்வேலிக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். பிள்ளை வரும் வழியில் ஒரு கிருமி இருக்கிறதாம். அதன் பெயர் என் வாயில் நுழையவில்லை.

"உனக்கு ஒண்ணும் செய்யாது. பிறக்கும்போது பிள்ளைக்குப் பத்திக்கிடும். மூத்ததுக்கும் அதுதான் வந்திருக்கும். பனிக்குடம் உடைஞ்சா உடனே வந்துரு. ஊசி போட்டு நாலு மணி நேரமாவது ஆன பொறவு பிள்ளை பிறந்தா நல்லது" என்றார்.

வீட்டில் இதை விளக்கிச் சொல்ல எனக்கு வெட்கம். ஊசி போடணுமாம் என்று மட்டும் சொன்னேன்.

அதுவும் ஒரு வெள்ளிக்கிழமைதான். வீட்டுக்காரர் புளியங்குடிக்குப் போயிருந்தார். காலை ஏழு மணிக்கு, தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தபோது பனிக்குடம் உடைந்து நீர் போயிற்று. முன்னறையில் கணவரின் அண்ணனும் நூல் வியாபாரியும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி மாமியாரிடம் எப்படிப் போவது? நனைந்த சேலையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர்கள் எழுந்து போனபோது மணி பத்து. அதன் பிறகுதான் மாமியாரிடம் சொன்னேன்.

"வண்டி பிடிக்கதுக்குள்ள பத்தரை ஆயிரும்ட்டி, ராகு காலம் வந்துரும். பன்னெண்டு தாண்டட்டும். ஒரு பிள்ளையக் குடுத்தது போதாதா?" என்றார்கள். நான் சேலையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு அடித்த பிறகு குதிரை வண்டியில் போனோம். "எப்ப உடைஞ்சுது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இப்பதாம்மா, வண்டி ஏறும்போது" என்றார்கள் மாமியார். டாக்டரம்மா திட்டுவாரோ என்று அவர்களுக்குப் பயம்.

"அப்ப நேரம் இருக்கு. அந்தக் கட்டில்ல கிடக்கவளப் பாத்துட்டு வாரேன்."

அவர் திரும்பினார். அவர் கோட்டைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

"காலைல ஏழு மணிக்கே உடைஞ்சிட்டும்மா."

"அஞ்சு மணி நேரமா வீட்ல என்ன செஞ்சிய?"

பதிலுக்கு நிற்காமல் நர்ஸைக் கூப்பிட்டார்.

முதலில் முன்கையில் துளி மருந்தைப் போட்டு, தடிக்கிறதா என்று அரை மணி நேரம் பார்த்தார்கள். தடிக்கவில்லை. நரம்பில் மருந்து ஏற்றும்போது சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று. ஐந்து வரை பிள்ளை வரக்கூடாது என்று பல்லைக் கடித்தேன். வலியோ அடுக்கி அடுக்கி வந்தது.

"ஏட்டி, மணியப் பாக்காத. வாரவன நிப்பாட்ட உன்னால முடியுமா?" என்று நர்ஸ் அதட்டினாள்.

ஐந்துக்குக் கால் மணி இருக்கும்போது பிறந்துவிட்டான். "ரெண்டு நாள் பாக்கணும்" என்றார் டாக்டரம்மா.

இரண்டாம் நாள் நான் அவன் நெற்றியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"தொட்டுத் தொட்டே பிள்ளைக்குச் சூடேத்திருவா போல" என்றார்கள் மாமியார். ஆனால் நான் கண் அசந்தபோது அவர்கள் கையும் அங்கேதான் இருந்தது.

சாயங்காலம் வீறிட்டு அழுதான். எடுத்து மார்பில் போட்டேன். கவ்வி இழுத்த இழுப்பில் அடிவயிறுவரை வலித்தது. வலிக்கட்டும் என்று அப்படியே இருந்தேன்.