தைராய்டு என்று சொல்லிவைத்தேன்

என் உடம்பில் இருப்பது எச்.ஐ.வி. வீட்டில் எல்லோருக்கும் அது தைராய்டு. புருஷன் செத்த பிறகு செஞ்சிக்கே, நைனா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன். அவர் மஞ்சள் காமாலையில் போனதாகத்தான் இங்கே நினைக்கிறார்கள். உண்மை தெரிந்தால் எனக்கு இந்த வீட்டில் இடம் கிடையாது. போக வேறு இடமும் கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை அன்றாடம் செய்கிறவள் நான்.

மூன்று மருந்தை ஒரே மாத்திரையில் அடைத்துத் தருகிறார்கள், ராத்திரிக்கு ஒன்று. முதலில் தந்தது சனியன் பிடித்த மாத்திரை. போட்டதும் தலை கிறுகிறுக்கும், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாய்க்குப் போவேன். கண்ணை மூடினால் ராஜகிரி மலையே உருண்டு வீட்டின் மேல் விழுகிற மாதிரி கனவு வரும். ஆனாலும் வாய்ப்புண்ணும் விடாத காய்ச்சலும் போய் நான் எழுந்து நடந்தது அதனால்தான். அதைத் திட்டவும் முடியவில்லை, கும்பிடவும் மனசு வரவில்லை.

பிறகு மாத்திரையை மாற்றினார்கள். கிறுகிறுப்பு நின்றது, உடம்பு போட ஆரம்பித்தது. ஜாக்கெட்டுகளைப் பிரித்துத் தைத்தும் பத்தவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பூக்காரம்மாவே, "இன்னாம்மா, உடம்பு போட்டுக்கினே போற?" என்று கேட்டுவிட்டாள். வாயில் வந்தது தைராய்டு. பொய் அவ்வளவு பாந்தமாகப் பொருந்தியது. தைராய்டு மாத்திரையும் டப்பாவில்தான் வரும். என் டப்பாவின் லேபிளை உரித்துப் போட்டேன், வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

தம்பிக்குக் கல்யாணம் ஆனது. வந்தவளுக்கு நிஜமாகவே தைராய்டு!

நல்ல பெண், அதுதான் தொல்லை. கூட்டுக்கு ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம் அவளுக்கு. ஒருநாள் காலையில் அவளுடைய மாத்திரை தீர்ந்துபோய், என்னுடையதில் ஒன்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பவர் வேறு என்று சமாளித்தேன். அவள் விடவில்லை.

"இன்னா அண்ணி, நீங்க ராத்திரில போடுறீங்க? காலைல வெறும் வயித்துலதான போடணும்?"

டாக்டர் அப்படித்தான் சொன்னார் என்று எரிந்து விழுந்தேன். அந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். வேறு வழியில்லாமல் பஜாரில் போய் நிஜமான தைராய்டு மாத்திரை ஒரு டப்பா வாங்கி அடுப்படி அலமாரியில் வைத்தேன். அன்றிலிருந்து காலையில் எனக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டு தண்ணீரோடு வந்து நிற்கிறாள். நான் முழுங்குகிற வரை நகர மாட்டாள். கன்னத்துக்குள் கொடுப்பில் ஒதுக்கிவைத்து, பின்பக்கம் போய்த் துப்புகிறேன். என் சொந்த மாத்திரையை ராத்திரி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் போடுகிறேன். அதை விட்டு விட்டுப் போட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும்.

போன தடவை விழுப்புரம் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். கிருமி கண்ணுக்கே படவில்லை, மாத்திரையை விடாமல் போடு என்றார்கள். ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் வரும்போது, தம்பி பொண்டாட்டியிடம் மட்டுமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ஒருத்தியாவது தெரிந்துகொண்டு என் பக்கம் நிற்கட்டும் என்று ஏங்கினேன்.

மறுநாள் காலை மாத்திரையைக் கொடுப்பில் ஒதுக்கிக்கொண்டு, உன்னிடம் ஒன்று சொல்லணும் என்று ஆரம்பித்தேன். இருங்க அண்ணி, மொதல்ல இதக் கேளுங்க என்று அவள் முந்திக்கொண்டாள். மேல்சித்தாமூர்ப் பக்கம் அவளுடைய சொந்தக்காரர் ஒருவருக்கு எச்.ஐ.வி.யாம். மோட்டார் கொட்டகையில் தனித்தட்டு வைத்துத் தங்கவிட்டிருக்கிறார்களாம்.

"நம்மளுது எல்லாம் ஒரு வியாதியா அண்ணி? அந்த மாதிரி எதனா உங்களுக்கு வந்திருந்தா, நானே வூட்டுக்குள்ள சேத்திருக்க மாட்டேன்." சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

கொடுப்பில் இருந்த மாத்திரையை முழுங்கிவிட்டேன்.

"இன்னாவோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்லம்மா. டப்பா தீரப்போவுது, வாங்கணும்."