பின்னால் நின்று தட்டுகிறவன்

இந்த ஊரில் லாரி பின்பக்கமாக வந்தால் தெருவே டிரைவராகிவிடுகிறது. பூ விற்கிறவள், சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்கிறவர், மாடியில் துணி உலர்த்துகிறவர் எல்லோரும் கையை ஆட்டுகிறார்கள். "எடம் கீது, வா வா!" என்று ஒருவர் சொல்லும்போதே இன்னொருவர் "ஓல்டான்!" என்கிறார். நில் என்பதற்கு இங்கே அந்தச் சொல். ரங்கூனில், ஆற்றோர மரக்கிடங்கில், நான் வண்டியைப் பின்னால் எடுக்கையில் ஒரே ஒருவர்தான் நிற்பார். வாயே திறக்கமாட்டார். டிரெய்லரின் பக்கப் பலகையில் ஒரு தட்டு தட்டினால் வரலாம், இரண்டு தட்டினால் நிற்க வேண்டும். முடிந்ததும் "ஸயா" என்று தேநீர் நீட்டுவார்கள். டிரைவருக்கும் வாத்தியாருக்கும் அங்கே அதே சொல்தான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட என்னை அப்படி அழைக்க, கப்பலேறி இங்கே வந்த பிறகு ஆளில்லை.

அடையாறில் சிமெண்ட் குழாய் செய்கிற யார்டில் சேர்ந்தேன். லாரிக்குப் பின்னால் இழுகம்பியில் மாட்டிய நாலு சக்கர டிரெய்லர். முன்னால் இழுப்பது பெரிய காரியமில்லை. பின்னால் தள்ளினால்தான் கொக்கியில் ஒரு பக்கம், டிரெய்லரின் முன்சக்கரத்தில் இன்னொரு பக்கம் என்று முறுக்கிக்கொள்ளும். நான் முந்தின நாளே போய் அந்தத் தெருவை நடந்து அளந்துவிட்டு வருவேன். யார்டின் இன்னொரு டிரைவர் கன்னியப்பனுக்கு அதெல்லாம் கிடையாது. சிந்தாதிரிப்பேட்டைக்காரன். கண்ணாடியைப் பார்க்கவே மாட்டான். பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு, தெருவோடு பேசிக்கொண்டே தி. நகர் சந்துகளில் திருப்பிவிடுவான். "இன்னாக்கா, கூடைய அப்பால நவுத்து, மாப்ள வர்றாரு!" அவள் திட்டிக்கொண்டே நகர்த்துவாள், சிரித்துக்கொண்டே. அவன் திறமையைவிட அந்தச் சிரிப்புத்தான் என்னைச் சுட்டது. என்னிடம் எந்தத் தெருவும் சிரித்ததில்லை.

டிரெய்லர் வண்டிக்கு ஒரு டிரைவர் போதும், மற்றவர் வேறு இடம் பார்க்கலாம் என்று முதலாளி சொல்லிவிட்ட வாரம் அது. மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. குறுக்குத் தெருவுக்குள் பின்பக்கமாக நுழைத்துத்தான் திருப்ப முடியும். "நீ எடு, பாப்போம்" என்று சாவியை என்னிடம் கொடுத்து, பின்னால் நிற்கக் கன்னியப்பனை அனுப்பினார். தெரு கத்தத் தொடங்கியது. நான் பலகைத் தட்டலை மட்டும் நம்பினேன். இங்கே இரண்டு தட்டினால் போ, ஒன்று தட்டினால் நில் என்பது எனக்குத் தெரியாததல்ல, பஸ் கண்டக்டரின் விசில்கூட அப்படித்தான். ஆனால் பயத்தில் காது ரங்கூனுக்குப் போய்விட்டது. ஒரு தட்டு கேட்டது. வந்தேன். ஒரு வீட்டின் மதில் சரிந்தது.

"இன்னா நைனா, நிறுத்துன்னு தட்டுனா ஏத்துற?" என்று ஓடிவந்தான் கன்னியப்பன்.

"ஒண்ணுதானே தட்டினே?"

"ஆமா, ஒண்ணுதான்!"

இருவரும் ஒருவரையொருவர் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தோம். மதிலுக்குச் சொந்தக்காரர் வெளியே வந்தார். "கண்ணு தெரியலையா உனக்கு? ஆத்துல கொழந்தைகள் விளையாடிண்டிருக்கா!" கன்னியப்பன் குறுக்கே புகுந்தான். "வுடு மாமா, ஊருக்குப் புதுசு, நம்ம ஆளுதான்." பிறகு ஏறி உட்கார்ந்து, பேச்சோடு பேச்சாகத் திருப்பிவிட்டான். முதலாளி என்னை அனுப்பத்தான் இருந்தார். "பின்னாடி நிக்க ஒரு ஆளு வோணும், இவுரு இருக்கட்டும்" என்று அவனே கேட்டான். எனக்கு மிஞ்சியிருக்கிற இடமும் அவன் கொடுத்தது. அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

நேற்று வடபழனியில், கல்யாணப் பந்தல்காலை நோக்கி டிரெய்லர் வந்துகொண்டிருந்தது. அவன் வழக்கம்போலத் தெருவோடு சிரித்துக்கொண்டிருந்தான், நிறுத்துவதற்கு என் கையை நம்பி. பந்தலுக்குள் இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. இரண்டு தட்டினால் போதும், போ என்று நினைத்து வந்துகொண்டே இருப்பான். பாவம், பழைய ஊர்ப் பழக்கம் என்றுதான் சொல்வார்கள். சாவி யார் கைக்குப் போகும் என்றுகூட யோசித்துவிட்டேன்.

தட்டினேன். வண்டி நின்றது.

"சரியா நைனா?" என்று முன்னாலிருந்து கத்தினான். சரி என்றேன். பலகைக்கு ஒரு விரல் தள்ளி, இரண்டாவது தட்டுக்குத் தூக்கிய கை அப்படியே நின்றிருந்தது.