விசிறி பழுதாகவில்லை

மின்விசிறி பழுதாகவில்லை. நான்தான் போடவில்லை. ஜெசியிடம் இதை இன்றுவரை சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

அருமனையில் பெண்களுக்கான உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிறேன். முன்பு அது ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை. சன்னல் சின்னது, சுவரெல்லாம் பழைய கரி. மத்தியானத்தில் உள்ளே நின்றாலே உடம்பு நனைந்துவிடும்.

தொடக்கத்தில் விசிறி ஓடத்தான் செய்தது. வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். "வேர்க்காம என்னத்த எக்சர்சைசு?" என்று ஒருத்தி கேட்டாள். மறுவாரம் பாதிப்பேர் வரவில்லை. விசிறியை நிறுத்தினேன், கேட்டவர்களிடம் பழுது என்றேன். பயிற்சி முடிந்து எடை பார்த்தால் முள் இறங்கியிருந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி... எனக்கும்தான்.

எனக்குத் தெரியாதா? பயிற்சி வகுப்பில் முதலில் படித்த பாடமே அதுதான். வியர்வை, உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழி. கொழுப்பைக் குறைப்பது உழைப்பும் சாப்பாட்டு அளவும். வியர்வையில் போன எடை தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

ஜெசி எங்கள் சபைக்காரி. திருமணமாகிப் பல ஆண்டுகளாகியும் குழந்தை இல்லை. எடை குறைந்தால் வாய்ப்பு உண்டென்று மருத்துவர் சொல்லியிருந்தார். கணவன் வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருவதற்குள் குறைத்துவிடத் தவித்தாள். ரப்பர் வெட்டுகிறவர்கள் மழைக்குப் போடும் பிளாஸ்டிக் கோட்டை மாட்டிக்கொண்டு பயிற்சி செய்தாள். நான் தடுக்கவில்லை.

ஒருநாள் சொன்னாள்: "எக்கா, வெள்ளம் குடிச்சா எடை கூடிருது. அதனால இப்ப வெள்ளமே குடிக்கியதில்ல."

உண்மை அவள் வாயாலேயே வந்து என் முன்னால் நின்றது. அன்றாவது சொல்லியிருக்கலாம். "கொஞ்சமாவது குடி மக்கா" என்றேன். அவ்வளவுதான்... கோழை நான்.

அடுத்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடித்து, பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் நேரே வந்தாள். அந்தக் கோட்டோடு விழுந்தாள். ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். பிழைத்தாள். ஆனால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுவிட்டது. குழந்தையைப் பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம் என்றார்கள். கணவன் வந்து, விடுப்பை ஆஸ்பத்திரி வராந்தாவில் கழித்துவிட்டுத் திரும்பினான்.

அவள் விழுந்த மறுநாளே விசிறியை ஓடவிட்டேன். பழுது பார்த்தாயிற்று என்று எல்லோரிடமும் சொன்னேன்.

தேறியபின் ஞாயிறு ஆராதனையில் ஜெசி சாட்சி சொல்ல எழுந்தாள். "உபவாசத்தோட போனது என் புத்திகேடு. கர்த்தர் இந்த அக்காவ வச்சித்தான் என் உயிரக் காப்பாத்தினாரு." சபை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. எல்லோரோடும் சேர்ந்து நானும் ஆமென் சொன்னேன்.

போன வாரம் மறுபடி வந்தாள், மெல்ல நடப்பதற்கு மட்டும். "எக்கா, ஃபேன அணைச்சிருங்க. வேர்த்தாத்தானே கொறையும்?"

இத்தனைக்குப் பிறகும் அதை நம்புகிறாள்... என்னையும் நம்புகிறாள்.

"ஒனக்கு சூடு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாருல்லா மக்கா" என்றேன். அப்போதும் மருத்துவரின் முதுகுக்குப் பின்னால்தான் ஒளிந்தேன்.

நடந்து முடித்து எடை பார்த்தாள். "ஒண்ணும் கொறையல்லியேக்கா..." என்று என் முகத்தையே பார்த்தாள்.

நான் அடுத்தவளை எடை பார்க்கக் கூப்பிட்டேன்.