கண்டக்குழியில் ஒரு சுத்தமான அறை

சென்ற ஓகஸ்டில் நான் கற்பிட்டிப் பக்கம் போனது ரிசானா கூப்பிட்டதால். என்னோடு படித்தவள். இப்போது புத்தளத்துத் தில்லையடியில் இருந்துகொண்டு சிறுநீரக நோயாளர்களைப் பார்க்கும் தாதி. ஒரு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் பத்தவில்லை, வா என்றாள்.

கொழும்பில் காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறினால் பத்தரைக்குப் புத்தளம். அங்கிருந்து இருவரும் கற்பிட்டி பஸ்ஸில் போனோம். பாலாவி தாண்டியதும் உப்பளங்கள், பிறகு காற்றாலைகள். கண்டக்குழிச் சந்தியிலிருந்து ஓட்டோவுக்கு முந்நூறு ரூபாய்.

விசயத்தை ரிசானா பஸ்ஸில்தான் சொன்னாள். ஸ்டெல்லா என்பவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கணவர் செபஸ்தியான் மீன்பிடிப்பவர். வாரத்தில் இரண்டு தடவை ஸ்டெல்லா இதே பாதையில் புத்தளம் வந்து இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு, தலை சுற்றச் சுற்றத் திரும்பிப் போவார். வயிற்றில் ஒரு குழாய் பொருத்தினால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் அதற்குத் தூசி புகாத அறை வேண்டும். கிருமி உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. ஸ்டெல்லாவின் வீடோ தென்னங்கிடுகுக் கூரை, மணல் தரை. போய்ப் பார்த்து முடியாது என்று சொன்னவள் ரிசானாதான்.

"அந்த மனுசி முடியாதெண்டதக் கேட்டுட்டும் தேத்தண்ணி ஊத்தித் தந்தாங்க. எனக்குத்தான் குடிக்க ஏலாமப் போச்சு."

அதோடு அவள் விடவில்லை. தில்லையடிப் பள்ளிவாசல் நிருவாகத்திடம் போனாள்; தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வெறுங்கையோடு வந்தவர்கள் அதில் பலர். புதிதாக ஓர் அறை கட்ட மேசன்மாரைத் தாங்கள் அனுப்புவதாகச் சொன்னார்கள். சீமெந்தும் தகரமும் கண்டக்குழிக் கத்தோலிக்கக் கோயில் பாதர் பொறுப்பில்.

நாங்கள் போனபோது தில்லையடியிலிருந்து வந்த மேசன் நிஸார் நாநா கடைசிச் சுவருக்குப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பெயின்ட் அடித்தோம். திங்கட்கிழமை அறையைப் பார்க்க வேறொரு தாதி வந்தார், சிங்களவர். முன்னின்று கட்டுவித்த அறையைத் தானே சரியென்று சொல்லக் கூடாது என்று ரிசானா ஒதுங்கியிருந்தாள்.

வந்தவர் மேசையை வெள்ளைத் துணியால் துடைத்தார். துணியில் மணல். கூரைக்கும் சுவருக்கும் இடையிலிருந்த இடைவெளியால் காற்று அள்ளிக்கொண்டு வந்திருந்தது. அவர் தலையசைத்து மறுத்தார்.

ஸ்டெல்லா குசினி வாசலில் நின்றார். "இது வேணாம் மிஸ். இனி பஸ்ஸிலயும் வரமாட்டன். எல்லாருக்கும் கரைச்சல் குடுத்தது போதும்."

செபஸ்தியான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நிஸார் நாநா அந்த இடைவெளிக்கு நேரே ஏணியைச் சாய்த்தார். அதைப் பார்த்த செபஸ்தியான், அடைக்க ஏதாவது கேட்டுக் கோயிலுக்கு ஓடினார். பாதர், கோயில் மண்டபத்துக்கென்று வைத்திருந்த சீலிங் தகடுகளை லேண்ட்மாஸ்டர் ட்ரக்டரில் ஏற்றி அனுப்பிவிட்டார். வந்த தாதி புறப்படவில்லை. முடியும்வரை இருப்பதாகச் சிங்களத்தில் சொல்லிவிட்டுக் கதிரையை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பின்னேரம் அஸர் தொழுகை நேரம் வேலை முடிந்தது. வெளியே காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருக்க, கதவை ஒரு மணித்தியாலம் சாத்தி வைத்துவிட்டுத் தாதி மறுபடி மேசையைத் துடைத்தார். துணி வெள்ளையாகவே இருந்தது.

"ஹரி," என்றார், சரியென்று.

ஸ்டெல்லா அறையின் புதுத் தண்ணீர்க் குழாயைத் திறந்து, சொல்லிக் கொடுத்தபடி முழங்கைவரை கை கழுவினார். ஒருமுறை முடித்து, மறுபடியும் கழுவினார். அழுகிறார் என்பது தோளைப் பார்த்துத்தான் தெரிந்தது.

வயிற்றில் குழாய் பொருத்தி இப்போது ஸ்டெல்லா வீட்டிலேயே செய்துகொள்கிறார். யாரோ ஒருவர் எல்லாவற்றையும் கொடுத்திருந்தால் இது சீக்கிரம் முடிந்திருக்கலாம். ஆனால் அந்தச் சுவரைத் தங்கள் சுவரென்று சொல்ல இன்று இரண்டு ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: டொல்பின் பார்ப்பதென்றால் நவம்பருக்குப் பிறகு போங்கள், ஓகஸ்டில் கடல் கொந்தளிப்பு. தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் அவசியம். கற்பிட்டியிலிருந்து காலைப் பஸ்ஸில் திரும்பினால், ஆஸ்பத்திரிப் பையோடு ஏறுகிறவர்களுக்கு எழுந்து இடம் கொடுங்கள். ஸ்டெல்லா ஒருவருக்கு மட்டும்தான் அறை கிடைத்திருக்கிறது.