வேடியப்பனை ஒட்டப் போன எழிலரசி

எழிலரசிக்கு வாரத்தில் ஒரு நாள்தான் லீவு. அதையும் பதினோரு வருஷமாக வேடியப்பனுக்கே கொடுத்துவருகிறாள். ஆம்பூருக்கு மேற்கே மலையடியில், வில்லோடு ஒரு வீரனைச் செதுக்கிய பலகைக்கல்தான் வேடியப்பன். சுற்றிலும் மண்ணும் சிமெண்டும் இல்லாமல் கல்லை அடுக்கிய இடுப்புயரச் சுவர். உள்ளே இரும்பு படக்கூடாது. முள்ளைக் கையால்தான் பிடுங்க வேண்டும், சரிந்த கல்லைக் கையால்தான் எடுத்து வைக்க வேண்டும். முன்பு வீட்டுக்கு ஒருவர் முறை வைத்து வந்தார்கள். இப்போது எல்லோருக்கும் ஓவர்டைம். இவள் ஒருத்திதான் மிச்சம்.

இந்த ஆடியில் ஒரு டிராக்டர் ரிவர்ஸில் வந்து இடித்து, வேடியப்பன் இடுப்போடு இரண்டாகிவிட்டார்.

“ஒடைஞ்ச சாமிய கும்புடக்கூடாது. வெள்ளிக்கெழம ஏரில போட்டுட்டு புதுசு வெச்சிடலாம்” என்றார் ஊர்ப்பெரியவர் பஞ்சாட்சரம்.

“கால் ஒடைஞ்சா உன்னயும் ஏரில போட்டுடலாமா மாமா?”

“வாய் மட்டும் கம்மி இல்ல. அதுக்குள்ள நிக்க வெச்சிக் காட்டு, ஒத்துக்கறேன்.”

ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டுகிறவள் அவள். ஒட்டினது பிரிந்து ஒரு ஜோடி திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிர். கம்பெனியில் கேட்டு ஒரு டப்பா சொல்யூஷன் வாங்கிவந்து, இரண்டு பக்கமும் தடவி, காயவிட்டு, ஷூவை அழுத்துகிற மாதிரியே அழுத்தினாள். நின்றது. மறுநாள் வெயிலில் பசை இளகி, மேல்பாதி வழுக்கி, முகம் குப்புறக் கிடந்தது. வீரனின் இடுப்பெல்லாம் கருப்புப் பிசுக்கு.

விட்டுத் தொலைக்கலாம் என்றுதான் அன்றைக்கு இருந்தது. அவ்வளவு அலுப்பு. கம்பெனியில் பக்கத்து மேஜை வஜீதாவிடம் சுவர் முதல் பசை வரை எல்லாம் சொல்லிப் புலம்பினாள்.

“அந்த சொவர இன்னா போட்டு ஒட்டினாங்கக்கா?”

“ஒண்ணும் போடல. அடுக்கி வெச்சதுதான்.”

“அப்ப இதுக்கு மட்டும் இன்னாத்துக்கு பசை?”

வியாழன் சாயங்காலம் இருவரும் கம்பெனி வேனிலிருந்து இறங்கி நேரே அங்கே போனார்கள். கூட வேனில் வந்த நாலு பெண்கள். மரக்குச்சியாலும் கொட்டாங்குச்சியாலும் பள்ளம் பறித்துக் கீழ்ப்பாதியை ஆழ இறக்கினார்கள். மேல்பாதியை அதன்மேல் லேசாகப் பின்னால் சாய்த்து வைத்து, இரண்டு பக்கமும் பின்னாலும் வீரனின் மார்பளவு கல் அடுக்கினார்கள்.

வெள்ளிக்கிழமை பஞ்சாட்சரம் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

“கருப்பா இது இன்னா?”

“நான் பண்ண கூத்து. போவாது.”

“அடுக்கு சரிஞ்சா?”

“திருப்பி அடுக்கணும். உன் வூட்டு மொறையும் இருக்குது மாமா, மறந்துடாத.”

அவர் தேங்காயை உடைத்தார். கல் இனி ஏரிக்குப் போகாது. எழிலரசிக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. அப்படியே உட்கார்ந்து, நகத்துக்குள் ஏறிய மண்ணை நெம்பிக்கொண்டிருந்தாள்.